கவலைப்பட்டால் மார்பகக் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைக்குமா?

நீங்கள் கேட்டது இரண்டு. மனக்கவலையில் நரம்புகள் விடும் ரசாயனங்கள் மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்த்துக் கொடுக்குமா? கொடுக்கும் என்றால், அதைத் தடுக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையை, மார்பகப் புற்றுநோய் வந்திருக்கும் உங்கள் அத்தைக்கு இப்போதே ஆரம்பிக்கலாமா? முதலாவதுக்கு, ஆய்வுக்கூடத்தில் ஆமாம். இரண்டாவதுக்கு, வேண்டாமுங்க.

நான் டாக்டர் இல்லை. கோவையில் பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் எடுக்கிறேன், சொந்த ஊர் கோபி பக்கம்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெருக்க வேண்டுமென்றால் கட்டிக்குத் தனி ரத்த ஓட்டம் வேண்டும் என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அதற்காகக் கட்டி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை விட்டு, பக்கத்து ரத்தக் குழாயைத் தன் பக்கம் கிளை விட வைக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் ராத்திரியோடு ராத்திரியாகத் திருட்டுக் குழாய் போடுவார்களே, அதே வேலைதான்.

நரம்பு இங்கேதான் வருகிறது. பரபரப்பின்போது, உடம்பை உஷார்ப்படுத்தும் சிம்பதெடிக் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை விடுகின்றன. பல புற்றுநோய் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பி உண்டு. அது தூண்டப்பட்டால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் ஏறி, வி.இ.ஜி.எஃப். உற்பத்தியும் கூடுகிறது. 2006-இல் சினைப்பைப் புற்றுநோய் உள்ள எலிகளைத் தினமும் இடுக்கில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். கட்டியில் ரத்தக் குழாய் அதிகமானது, அந்த ஏற்பியை அடைக்கும் ப்ரொப்ரனலால் கொடுத்ததும் அந்த விளைவு நின்றது. மார்பகப் புற்றுநோய் எலிகளில் 2010-இல் வந்த முடிவு கொஞ்சம் வேறு மாதிரி: மூலக் கட்டி பெரிதாக மாறவில்லை, ஆனால் நெறிக்கட்டிகளுக்கும் நுரையீரலுக்கும் பரவியது பல மடங்கு கூடியது. எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிற தகவல்.

இன்னொரு நரம்பு ரசாயனமான டோபமைன் எதிர்த் திசையில் போகிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள டி-2 ஏற்பி வழியாக, வி.இ.ஜி.எஃப். வந்து ஒட்டும் ஏற்பியையே செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. 2001-இல் சுஜித் பாசுவும் உடன் உழைத்தவர்களும் எலிகளில் இதைக் காட்டினார்கள். உடனே "சந்தோஷமாக இருந்தால் டோபமைன் சுரந்து கட்டி கரையும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். மூளையில் சுரக்கும் டோபமைன் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மார்புக்கு இறங்கி வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "அப்பவே சொன்னனே அம்மிணி, இத்தன ரோசன பண்ணாதேன்னு" என்பார்கள். என் சின்னம்மாவிடமும் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூண்டில் அடைபட்ட எலியின் கணக்கைப் பிள்ளை படிப்புக்கும் தறிக் கடனுக்கும் கவலைப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் எழுத முடியாது. கவலையில் மட்டும்தான் அந்த நரம்பு வேலை செய்கிறது என்றும் இல்லை. வலி, குளிர், ஆபரேஷன் எல்லாவற்றிலும் அது பொங்கும்.

அதனால்தான் ஆபரேஷனை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் ப்ரொப்ரனலால் கொடுத்துச் சோதிக்கிறார்கள். 2020-இல் வெளியான ஒரு சோதனையில் 60 பெண்கள். ஒரு வாரம் மருந்து அல்லது வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களின் கட்டியில் பரவும் தன்மையைக் காட்டும் குறிகள் குறைந்தன. ஆயுள் கூடுமா என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். வி.இ.ஜி.எஃப்.-ஐ நேரடியாகவே தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2008-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. ஆயுள் கூடியதற்குச் சான்று இல்லை, பக்கவிளைவும் அதிகம் என்று 2011-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள்.

ப்ரொப்ரனலால் மலிவு என்பதாலேயே கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் மூச்சு இறுகும், நாடித் துடிப்பு குறையும், இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதன் படபடப்பு தெரியாமல் போகும். அத்தை ஏற்கெனவே பிரஷருக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ அதைச் சாப்பிட்டு வந்தால், ஆபரேஷன் என்றதும் தானாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையோடு போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.