ஒற்றைச் சொல் வாக்கியமாகும்போது

கேள்வி: ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் ஓர் உயிரையாவது காப்பாற்றப்போகிறோம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். வருவதெல்லாம் வழுக்கி விழுந்த முதியவர்கள், சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள், மூச்சிரைப்பு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயணங்கள். மிச்ச நேரம் வண்டியைத் துடைக்கிறோம். இதுவரை இதயம் நின்றுபோய் நான் நெஞ்சை அழுத்திய மூன்று பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆனால் பல வருடமாக இருப்பவர்கள் சிரித்த முகத்தோடு வேலைக்கு வருகிறார்கள். இதில் சந்தோஷம் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் மரத்துப்போய்விடுமா?

பதில்: மரத்துப்போனவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஷிஃப்ட் தொடங்கும்போது பையைத் திறந்து பார்க்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சந்தோஷம் கிடைப்பது, நீங்கள் அலுப்போடு எழுதியிருக்கும் அதே கேஸ்களிலிருந்துதான். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில் பெரும்பாலானோர், எவ்வளவு நன்றாகச் செய்தாலும், பிழைப்பதில்லை. அதை வைத்து ஒரு நாளை எடைபோட்டால் எந்த நாளும் தேறாது. உங்கள் கை பட்டதால் கால் மணி நேரத்துக்குள் கண்ணெதிரே என்ன மாறியது என்று பாருங்கள். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஒரு ஷிஃப்டில் நாலைந்தாவது தேறும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தயாராக இருந்தவருக்கே அது கிடைக்கும்.

அதனால் முதல் சந்தோஷம் வண்டி நகர்வதற்கு முன்பே இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டரை மெதுவாகத் திறந்து, அழுத்தம் காட்டும் முள் 2000 பிஎஸ்ஐயில் (சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்) நிற்பதையும் இணைப்பில் 'உஸ்' சத்தம் இல்லாததையும் பார்ப்பது ஒரு நிம்மதி. சத்தம் வந்தால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது சிலிண்டர் மாற்றும்போது கீழே விழுந்திருக்கும். புது வாஷர் போடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவிச் சரிசெய்ய முயலாதீர்கள், ஆக்ஸிஜன் பட்டால் தீப்பிடிக்கும். பிறகு ஒரு கணக்கு. கையில் தூக்கிப்போகும் 'டி' அளவு சிலிண்டரானால், முள் காட்டும் எண்ணிலிருந்து 200-ஐக் கழித்து 0.16-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் மிச்சம் என்று தெரியும். 1000 காட்டினால் 128 லிட்டர். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் என்றால் எட்டரை நிமிடம்தான். மூன்றாவது மாடியிலிருந்து ஒருவரை இறக்க எட்டரை நிமிடம் போதாது. இதைக் கீழே வண்டியிலேயே தெரிந்துகொள்பவருக்கும் படிக்கட்டு நடுவில் தெரிந்துகொள்பவருக்கும் அன்றைய நாள் ஒன்றாக இருக்காது. (சிலிண்டரின் அளவு மாறினால் 0.16 என்ற எண்ணும் மாறும். உங்களுடையதற்கான எண்ணைக் கேட்டு உள்மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சிலிண்டர் திறக்கும் சாவியையும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். தொலைவதற்கென்றே பிறந்த சாமான் அது.)

சக்‌ஷன் கருவியின் (வாயில் அடைக்கும் சளி, வாந்தியை உறிஞ்சி எடுப்பது) குழாயை மடித்துப் பிடித்தால் முள் நான்கு விநாடிக்குள் 300 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மோட்டாரைச் சந்தேகப்படும் முன் ஜாடி மூடியை அழுத்திப் பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். டிஃபிப்ரிலேட்டரின் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) நெஞ்சில் ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதி, நெஞ்சு முடியை மழிக்கச் சவரக் கத்தி, இரண்டாவது ஜோடி பேடு, இவ்வளவையும் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கருவியைக் கையில் தூக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1965-இல் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் டிஃபிப்ரிலேட்டர் சுமார் 70 கிலோ, கார் பேட்டரியில் ஓடியது.

இனி நீங்கள் சொன்ன கேஸ்களுக்கு வருவோம். சர்க்கரை இறங்கி மயங்கியவரைச் சலிப்புப் பட்டியலில் சேர்த்தது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இந்த வேலையில் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு தெளிவாகப் பலன் தெரியும் கேஸ் வேறு கிடையாது. வியர்த்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடப்பவரின் சுகர் 32 என்று காட்டுகிறது. நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் கொடுக்காமல் நரம்பு வழியே 25 கிராம் குளூக்கோஸ் ஏறுகிறது. அது 50 சதவீதக் கரைசலில் 50 மி.லி., 25 சதவீதத்தில் 100 மி.லி., 10 சதவீதத்தில் 250 மி.லி. எதை, எத்தனை தவணையாக என்பதை உங்கள் சேவையின் நெறிமுறை சொல்லும். 50 சதவீதக் கரைசல் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் வெந்ததுபோல் ஆகிவிடும். அதனால் முதலில் சலைன் (உப்புநீர்) செலுத்தி, ஊசி உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். சில நிமிடங்களில் கண் திறக்கும். முதலில் உங்கள் மேல் கோபப்படுவார், கையைத் தட்டிவிடுவார். அதற்கடுத்து "நீங்கல்லாம் யாரு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே இந்த வேலையில் இருப்பவர்கள் உண்டு.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, தவறான அளவீடு. இனிப்பு ஒட்டிய விரலில் குத்தினால் சுகர் ஏறித் தெரியும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் எண் மாறும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்தால் ஈரம் பட்டு மொத்த டப்பாவும் வீண். இரண்டாவது, சீக்கிரமே விடைபெறுவது. 10 முதல் 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். தெளிவாக விழுங்க முடிகிறதென்றால் மாவுச்சத்துள்ள எதையாவது சாப்பிட வையுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை திரும்ப இறங்கும். "நல்லாயிட்டேன், வரல" என்று அவர் சொன்னாலும் விட்டுவராதீர்கள்.

மூச்சிரைப்பு கேஸில் எண்ணுவதற்கு ஒன்று இருக்கிறது, சொற்கள். உள்ளே போனதும் அவர் ஒரு மூச்சில் எத்தனை சொல் பேசுகிறார் என்று கவனியுங்கள். "முடியல" என்று ஒரு சொல்லோடு நிற்பவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்து 5 மி.கி.யை ஆக்ஸிஜனில் நெபுலைஸ் செய்யுங்கள், அதாவது புகைபோலாக்கி மாஸ்க் வழியே இழுக்க வையுங்கள். ஆக்ஸிஜன் ஓட்டம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் துளிகள் பெரிதாகித் தொண்டையிலேயே தங்கிவிடும். புகை குறையும்போது கிண்ணத்தை விரலால் தட்டினால் சுவரில் ஒட்டிய மருந்தும் இறங்கும். பத்து நிமிடத்தில் ஒற்றைச் சொல் மூன்று சொல்லாகும். பிறகு முழு வாக்கியம் வரும். பிறகு வீட்டில் இருப்பவர்களைத் திட்டத் தொடங்குவார். ஒரு எச்சரிக்கை: விசில் சத்தம் அடங்கி, ஆளும் சோர்ந்து கண்ணை மூடுகிறார் என்றால் அது குணம் இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம். அப்போது வண்டி உடனே நகர வேண்டும்.

விழுந்த முதியவரைத் தூக்குவது வெறும் சுமை வேலை என்று நினைப்பவர்கள் அதைத் தூக்கித்தான் முடிக்கிறார்கள். நன்றாகச் செய்தால் அவரே எழுந்திருப்பார். முதலில் கேட்க வேண்டியவை: ஏன் விழுந்தார், தடுக்கியா, தலை சுற்றியா? தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? எவ்வளவு நேரமாகத் தரையில் கிடக்கிறார்? ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் தசை நசுங்கிச் சிறுநீரகம் பாதிக்கலாம், உடலும் சில்லிட்டிருக்கும், கட்டாயம் மருத்துவமனைக்குத்தான். ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு அசைக்காமல் வலிக்கு மருந்து கொடுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் இரண்டு நாற்காலி கொண்டுவாருங்கள். அவர் ஒருக்களித்துப் படுத்து, பிறகு கையும் முழங்காலும் ஊன்றட்டும். முன்னால் ஒரு நாற்காலியை வைத்து அதன்மேல் கையை ஊன்றச் சொல்லுங்கள். பலமுள்ள காலின் பாதத்தைத் தரையில் பதித்து உந்தி எழும்போது, இரண்டாவது நாற்காலியை ஒருவர் பின்னால் நகர்த்தினால் அதிலேயே உட்கார்ந்துவிடுவார். அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். உட்கார்ந்த நிலையில் ஒரு பிபி, நின்ற பின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் இன்னும் இரண்டு. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுந்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். "நானே எழுந்துட்டேன்" என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் சுருண்டு கிடக்கும் மிதியடியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள்.

மாற்றல் பயணம் டிரைவரின் மேடை. தொங்கும் ட்ரிப்ஸ் பையைப் பாருங்கள். அது அதிகம் ஆடாமல் வந்து சேர்ந்தால் முன்னால் இருப்பவர் கலைஞர். பிரேக், வளைவு, வேகத்தடை மூன்றையும் முன்கூட்டியே குரல் கொடுத்துச் சொல்லும்படி கேட்டு வையுங்கள், முறிந்த எலும்போடு படுத்திருப்பவருக்கு அது பாதி வலி நிவாரணம். சைரனால் மிச்சமாவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் என்பதால், நிலையாக இருக்கும் நோயாளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இசிஜியில் சுத்தமான கோடு விழுவதும் ஒரு ருசி. வண்டியை நிறுத்துங்கள். வியர்வையைத் துணியால் துடைத்து, முடி இருந்தால் மழித்து, நடுங்கினால் போர்த்தி, கைகளைத் தொங்கவிடாமல் படுக்கையில் வையுங்கள். முதல் லீட் (இசிஜியில் முதலாவதாக வரும் கோடு) தலைகீழாக வந்தால் நோயைத் தேடும் முன் இரண்டு கை ஒயர்களும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மார்பின் முதல் இரண்டு மின்முனைகள் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாரும் மேலே ஒட்டிவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்குக் கையுறையை ஊதிப் பலூன் செய்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிழிந்த ரப்பர் தொண்டையில் சிக்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை முதலில் உங்கள் விரலில் மாட்டிச் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால், அடுத்த விரல் தானாக நீளும். அளவும் கிடைத்துவிடும்.

வண்டியில் பிரசவம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தால் ஏசியை நிறுத்துங்கள், குழந்தையை நன்றாகத் துடையுங்கள் (துடைப்பதே அழவைக்கும் தூண்டல்), தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். நன்றாக அழும் குழந்தைக்குத் தொப்புள்கொடியில் கிளிப் போட ஒரு நிமிடமாவது பொறுங்கள். பிறந்த மணியையும் நிமிடத்தையும் அப்போதே கையுறையின் மேல் எழுதிவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கூட்டாளியோடு வாய்க்கும் சந்தோஷம் தனி. கேனுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) உள்ளே போன நொடியில், கேட்காமலே டேப் கைக்கு வருவது. இது மனப்பொருத்தத்தால் மட்டும் வருவதில்லை. இருவரும் ஒரே வரிசையில் பையை அடுக்கினால், எந்த ஜிப்பில் என்ன என்று மாற்றாமல் இருந்தால், ஒரு மாதத்தில் வந்துவிடும்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது முக்கால் நிமிடத்தில் முடியுங்கள்: வயது, நடந்த நேரம், என்ன நடந்தது, என்ன கண்டீர்கள், நாடி-பிபி-ஆக்ஸிஜன், என்ன கொடுத்தீர்கள், அதற்கு எப்படி மாறினார். நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றும் முன் சொல்லுங்கள், மாற்றத் தொடங்கினால் யார் காதிலும் விழாது. (நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தால் இந்த விதி கிடையாது.) பேசி முடித்ததும் யாரும் திரும்பக் கேள்வி கேட்கவில்லை என்றால் அதுதான் உங்களுக்கான கைத்தட்டல்.

அந்த மூன்று பேரைப் பற்றி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட்டு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிச் செய்தீர்கள் என்றால் உங்கள் பங்கில் குறை இல்லை. அதைச் சந்தோஷம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கேஸை அன்றே கூட்டாளியோடு உட்கார்ந்து பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, கண்ணை மூடினால் அதே காட்சி வந்து, மேலே சொன்ன எதுவும் மனதைத் தொடவில்லை என்றால், அதை அலுப்பு என்று தள்ளாதீர்கள். மேலதிகாரியிடமும் மனநல மருத்துவரிடமும் சொல்ல வேண்டிய நேரம் அது.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். பெயரோ முகவரியோ வேண்டாம். கேஸுக்கு ஒரு வரி போதும்: "ஒரு சொல் - 11 நிமிடம் - முழு வாக்கியம்." "32 - 124. யாரு நீங்க என்றார்." முதல் பக்கம் நிரம்பியதும் எங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.