மட்டி செத்தால் ஓட்டைக் குப்பையில் போடாதீர்கள்

கேள்வி: என்னிடம் நான்கடி ரீஃப் தொட்டி (பவழம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) இருக்கிறது, ஓட ஆரம்பித்து ஒன்றரை வருடம். மூன்று மாதம் முன்பு 2 மாக்சிமா மட்டிகள் வாங்கினேன், இரண்டும் என் நடுவிரல் நீளம். அழகாக விரிந்துகொண்டிருந்தன. ஆறாவது வாரத்தில் ஒன்றுக்கு ஓரம் சுருங்கியது, மூன்றே நாளில் வாயைப் பிளந்து செத்துப்போனது. பத்து நாள் கழித்து அடுத்ததும் அதே மாதிரி. கால்சியம் 420, அல்கலினிட்டி 8.5, நைட்ரேட் 5, உப்புநீரின் அடர்த்தி 1.025. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? செத்த மட்டிக்குள் முள்புழுக்கள் மொய்த்துக்கிடந்தன, அவைதான் கொன்றனவா? இப்போது ஏற்கெனவே இருந்த ஒரு ஸ்குவாமோசா மட்டி மட்டும் மீதி. அதையாவது காப்பாற்ற வேண்டும். (ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: தண்ணீரின் எண்களை எல்லாம் எழுதிவிட்டீர்கள், ஓட்டை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே! வீட்டில் இன்னும் கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் புழுவை விட்டுவிடுங்கள். சாவு வீட்டுக்கு வந்தவரைக் கொலைகாரர் என்று பிடிக்கக் கூடாது. முள்புழு அழுகும் சதையைத் தேடி வரும், அது அதன் வேலை. ஆரோக்கியமான மட்டி அதைப் பொருட்படுத்தாது.

தண்ணீரும் காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த எண்கள் நல்ல எண்கள், அதோடு தண்ணீர் கெட்டால் பவழமும் சேர்ந்து முகம் சுளிக்கும், ஒரு மட்டி செத்து பத்து நாள் பொறுத்து அடுத்தது என்று வரிசையில் போகாது. வெளிச்சம் போதாத மட்டி இப்படிச் சாவதில்லை. அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் வெளிச்சத்தில் சோறு சமைத்துப் போடுகிறது, வெளிச்சம் குறைந்தால் பாசி குறைந்து சதை நடுவிலிருந்து வெளிறிக்கொண்டே வரும், வாரக்கணக்கில் இழுக்கும். கடைக்காரர் பாறையிலிருந்து பிய்த்து எடுத்தபோது அடியில் கால் கிழிந்திருக்குமோ என்றால், அந்த மட்டி பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே போயிருக்கும். உங்களுடையது ஆறு வாரம் நன்றாக இருந்திருக்கிறது. மெதுவாகப் பெருகி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற ஏதோ ஒன்று. என் சந்தேகம் பிரமிடெல்லிட் நத்தை மேல்தான்.

வெள்ளையாக, கூர்மையாக, அரிசிமணியை விடச் சின்னதாக இருக்கும். பகலில் ஓட்டின் மடிப்பிலும் அடிப்புறத்திலும் ஒளிந்துகொண்டு, விளக்கு அணைந்த பிறகு ஏறி வந்து, மேன்டில் (ஓட்டுக்கு வெளியே விரியும் சதை) ஓரத்தில் ஊசி மாதிரிக் குழலை நுழைத்து உறிஞ்சும். கொசுக்கடி மாதிரிதான், நான்கைந்து இருந்தால் பெரிய மட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மீன் தொட்டியில் இதைத் தின்ன ஆள் இல்லாவிட்டால் நான்கைந்து என்பது சீக்கிரமே நாற்பது ஐம்பது ஆகிவிடும், விரல் நீள மட்டி அதைத் தாங்காது.

இன்று ராத்திரியே பாருங்கள். விளக்கு அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றி, ஸ்குவாமோசாவின் ஓரத்தில் அடியுங்கள். எனக்கு இந்த நத்தை முதல் தடவை வந்தபோது பகலில் பத்து தடவை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்தால், சாதம் வடித்த பானை விளிம்பில் பருக்கை ஒட்டியிருக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண்ணாடியில் ஊரும் குட்டி நத்தைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் பாசி தின்பவை. மட்டியின் மேலேயே இருந்தால்தான் சந்தேகம்.

சரி, இப்போது ஓடு. உதட்டு விளிம்பில் புது வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சாகும் வரைக்கும் வளர்ந்துகொண்டிருந்தது, அதாவது உங்கள் தண்ணீரும் வெளிச்சமும் குற்றவாளி இல்லை. வட்டமாகத் துளை போட்டிருந்தால் துளையிடும் முரெக்ஸ் இன நத்தை எங்கோ பாறையில் இருக்கிறது. துளையே இல்லாமல், உள்ளே ரோமம் அடர்ந்த ஓட்டோடு ஒரு நத்தை பதுங்கியிருந்தால் அது சைமேட்டியம், அது ஒன்றே ஒரு மட்டியைத் தின்று தீர்த்துவிடும், பிடித்து வெளியே போடுங்கள். மடிப்புகளில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ந்த மாதிரித் தெளிவான பிசின் திட்டு இருந்தால் அது பிரமிடெல்லிட் முட்டை. ஸ்குவாமோசாவின் ஓட்டில் செதில் செதிலாக மடிப்பு இருப்பதால் முட்டை வைக்க அதற்கு ரொம்ப வசதி, அதனால்தான் உங்கள் மூன்றாவது மட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

செய்ய வேண்டியது: மட்டியைத் தொட்டித் தண்ணீர் எடுத்த வாளியில் வைத்து, மெத்தென்ற பல் பிரஷ்ஷால் ஓடு முழுக்கத் தேயுங்கள். சதையிலும் அடியில் கால் வெளியே வரும் துளையிலும் பிரஷ் படக் கூடாது. பாறையில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அது ஒட்டிக்கொள்ளும் நார்களைப் பாறைப் பக்கமாகப் பிளேடால் அறுத்து எடுங்கள். அந்த வாளித் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். முட்டை பொரிய ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும், ஆகவே ஒரு நாள் தேய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு மாதமாவது தினமும் ராத்திரி பார்த்து எடுங்கள். தொட்டியில் டர்போ, ட்ரோக்கஸ் நத்தை வைத்திருந்தால் அவற்றின் ஓட்டையும் பாருங்கள், இந்த ஒட்டுண்ணி அங்கேயும் தங்கும். மட்டியைச் சுத்தம் செய்துவிட்டு ட்ரோக்கஸை மறந்ததால் நான் இரண்டு மாதம் கூடுதலாகக் கண் விழித்தேன்.

ராஸ் மீன் விட்டால் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆறு கோட்டு ராஸ், மஞ்சள் கோரிஸ் இரண்டும் இதைத் தின்னும், விடுங்கள். ஆனால் ராஸ் ராத்திரி தூங்கும், நத்தை ராத்திரிதான் கிளம்பும். மீன் பிரஷ்ஷுக்கு உதவிதான், பதில் இல்லை.

அடுத்த மட்டியை வாங்கினால் நேராகத் தொட்டியில் விடாமல், நல்ல வெளிச்சமுள்ள தனித் தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். அடியில் ஒரு தட்டைக் கல் கொடுங்கள், மட்டி தன் நாரால் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கல்லோடு தூக்கிப் பார்க்கலாம். மீன் வைத்தியத்துக்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், செம்பு மட்டிக்கு விஷம். பவழம் முக்கும் மருந்தும் வேண்டாம்.

கேள்வி: மட்டிக்குப் பக்கத்தில் ஐப்டேசியா (கொட்டும் கடல் அனிமோன்) முளைத்திருக்கிறது. அதைத் தின்ன பெப்பர்மின்ட் இறால் விடலாமா? (பினாங்கு)

பதில்: விடலாம், ஆனால் அந்த இறால் சில சமயம் மட்டியின் சதையையும் கொத்தும், நோய்ப்பட்ட மட்டி என்றால் கண்டிப்பாக. ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லா நத்தை நல்ல வழி, ஆனால் மேலே சொன்ன ஆறு கோட்டு ராஸ் இருந்தால் பெர்கியாவை அது தின்றுவிடும். ஒன்றிரண்டுதான் என்றால் சுண்ணாம்புக் கூழை ஊசிக் குழாயில் எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு, அதன் வாயில் வைத்துவிடுங்கள். மட்டியின் மேல் தெறிக்காமல்.

கேள்வி: சென்னையில் நல்ல மட்டி எங்கே கிடைக்கும்? (மடிப்பாக்கம்)

பதில்: தேடாதீர்கள். மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை, கல் பவழமும் அப்படியே. யாராவது ரகசியமாக விற்கிறேன் என்றால் வாங்கினவரும் மாட்டுவார். கோமாளி மீனும் செயற்கைப் பாறையும் வைத்து ஆரம்பியுங்கள், அதற்கான கேள்வி இருந்தால் எழுதுங்கள்.