கையில் என்ன இருந்தது?

வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அம்மாவுக்கு 78 வயது. எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலையை நேருதான் வந்து திறந்தார், கிட்டத்தில் நின்று பார்த்தேன் என்கிறார். 1954இல் திறந்தவர் விஜயலட்சுமி பண்டிட் என்று பேரப்பிள்ளைகள் முன்னால் கைப்பேசியில் எடுத்துக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய்யா, மறதி நோயா? எப்படித் திருத்துவது?

அன்புள்ள தம்பி,

நோயா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பழகிய வழி தெரியாமல் நிற்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் உடனே கூட்டிப் போங்கள். இது அந்த வகையாகத் தெரியவில்லை.

பொய்யும் இல்லை. மனம் சாரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஊகித்து நிரப்பும். 1995இல் ரோடிகர், மெக்டெர்மட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு என்று சொற்களை வாசித்தார்கள். வாசிக்கவே வாசிக்காத ‘தூக்கம்’ காதில் விழுந்ததாகப் பலர் உறுதியாகச் சொன்னார்கள். எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள்! வயதானால் இது கூடும். யார் சொன்னது, எங்கே பார்த்தது என்பதுதான் முதலில் உதிரும். காந்தி பெயரில் பள்ளி, திறக்க வந்தவர் நேருவின் தங்கை. ஏழு வயதுப் பிள்ளையின் காதில் அன்று எத்தனை தடவை ‘நேரு’ விழுந்திருக்கும்!

பேரப்பிள்ளைகள் முன்னால் கைப்பேசியை நீட்டினீர்களே, அதுதான் தப்பு. பெற்றவளிடம் சாட்சி விசாரணையா? நானும் அதைச் செய்தவன்.

நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று தாத்தா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் படியில் உட்கார்ந்து, பால் வெட்டும் கத்தியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சுற்றிக் கட்டினார் என்று அம்மா சொல்வார். சொல்லும்போது அவர் விரல்களும் சுற்றும். தாத்தா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். இறப்புப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மடித்துக் கொடுத்தார். அப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. லாரியில் என்ன ஏற்றினோம், பால் பிடிக்கும் மங்குகளை என்ன செய்தோம், கதவை யார் சாத்தியது? எனக்கு அப்போது மூன்று வயது. எல்லாம் அம்மாவிடம்தான் இருந்தது. ஒரு தேதியைச் சரிசெய்யப் போய் மொத்தத்தையும் இழந்தேன்.

உங்கள் அம்மா இன்னும் பேசுகிறார். நேருவை விடுங்கள். அந்த நாளைக் கேளுங்கள். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். ‘கொடி கொடுத்தார்களா?’ என்று கேட்டால் அந்தக் கேள்வியே அவர் கையில் ஒரு கொடியைக் கொடுத்துவிடும். கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.