பாதியில் நிற்கும் பின்னல்: அறுப்பு நேரத்துக் கேள்வி பதில்

வயலில் சம்பா அறுப்பு, வீட்டில் பொங்கல் வேலை, அது முடிந்தால் தை மாசிக் கல்யாணங்கள். இந்த நேரத்தில் குரோஷாப் பையை, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் பின்னலைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கும்பகோணத்தில் இருபது வருடமாக ஊசியும் நூலுமாக இருக்கிறேன். என் பீரோவிலும் மூன்று அரைகுறை வேலைகள் கிடக்கின்றன. அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

அக்கா, இரண்டு வருடம் முன்பு தொடங்கிய வட்ட மேசை விரிப்பு. எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. பேட்டர்ன் தாளும் தொலைந்துவிட்டது. (மன்னார்குடி)

ஊசியை இப்போதைக்குத் தொடாதீர்கள். விரிப்பைத் தரையில் பரப்பி, கடைசியாக முழுதாக முடிந்த சுற்று எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சுற்றின் நடுவில்தான் விட்டிருப்போம். அந்த அரைச் சுற்றைப் பிரித்துவிட்டு, முழுச் சுற்றின் கண்ணிகளை எண்ணுங்கள். தாள் இல்லாவிட்டால் என்ன, வட்டத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 12 டபுள் குரோஷாவில் (அமெரிக்கப் பெயர், ஊசியில் நூலை ஒரு தரம் சுற்றிப் போடும் கண்ணி) தொடங்கிய சாதா வட்டம் சுற்றுக்கு 12 கூடும். ஏழாவது சுற்றில் 84 இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் கிண்ணம் மாதிரி எழும்பும், கூடினால் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். உங்கள் விரிப்பு இதில் எது என்று கண்ணே சொல்லிவிடும்.

இன்னொன்று. நேரமில்லாமல் பின்னலை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கணக்கு தப்பியிருக்கும், நூல் தீர்ந்திருக்கும், அடுத்த வரிசை புரிந்திருக்காது. நேரமில்லை என்பதெல்லாம் அப்புறம் நாம் சொல்லிக்கொள்வது. எதனால் நின்றது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஊக்கால் அதிலேயே குத்திவையுங்கள். நாலு நாள் கழித்து எடுத்தாலும் தேட வேண்டியிருக்காது.

அம்மா சொல்லிக்கொடுத்துப் போட்ட சால்வையை வீடியோ பார்த்துத் தொடர்ந்தேன். புது வரிசை மட்டும் உயரமாக வருகிறது. (திருவாரூர்)

பெயர்க் குழப்பமாக இருக்கும். அம்மா இங்கிலாந்துப் பெயரில் சொல்லியிருப்பார், வீடியோ அமெரிக்கப் பெயரில் இருக்கும். அமெரிக்கர் சிங்கிள் என்பதை இங்கிலாந்தில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். பெயரை விட்டுவிட்டு, ஊசியில் நூலை எத்தனை தரம் சுற்றிவிட்டு உள்ளே விடுகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருக்கும்போது பின்னலாமா? ஆண்பிள்ளை நிட்டிங் செய்வதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (பாபநாசம்)

சிரிக்கட்டும் தம்பி. நாகப்பட்டினம் கடற்கரையில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அங்கே நிட்டிங் வேண்டாம். பெயர் கூப்பிட்டதும் எழுந்து ஓடினால் ஊசியிலிருந்து நாற்பது கண்ணியும் கழன்றுவிடும். குரோஷாவில் ஒரே கண்ணிதான். ஊக்கை மாட்டிப் பையில் போட்டுவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். வெளிர் நிறம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், நெல் சுணை உல்லனில் ஒட்டினால் லேசில் போகாது.

ஒரு வருடம் ஊசியிலேயே கிடந்த ஸ்வெட்டர். அந்த வரிசை மட்டும் தழும்பு மாதிரி இருக்கிறது. ஊசியும் துரு. (வேதாரண்யம்)

உப்புக்காற்று ஊர், துருப் பிடிக்கத்தான் செய்யும். துருக்கறை பட்ட நூலை வெட்டி எறியுங்கள், துவைத்துப் பார்க்கிறேன் என்று மெனக்கெட வேண்டாம். நாலு வரிசை கீழே, தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோர்த்து ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டுவிடுங்கள். அதன் பிறகு தைரியமாகப் பிரிக்கலாம், அந்த நூலுக்குக் கீழே போகாது.

அதே பச்சை நம்பர்தான் வாங்கினேன், நிறம் ஒட்டவில்லை. (தஞ்சாவூர்)

சாயம் போட்ட லாட் வேறு. பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் கரைந்துவிடும்.

பேத்திக்கு ஆரம்பித்த உல்லன் சட்டை. பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. (மாயவரம்)

பிரித்துவிடுங்கள் மாமி. நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் போய்விடும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நூல் செத்துப்போகும். அடுத்த சட்டை பருத்தி நூலில் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உல்லன் சட்டை மார்கழி தாண்டினால் பீரோவுக்குத்தான்.

வளைகாப்புக்கு ஒன்பது நாள். குழந்தைப் போர்வைக்கு 40 சதுரத்தில் 22 தான் ஆகியிருக்கிறது. (வலங்கைமான்)

கடிகாரம் வைத்து ஒரு சதுரம் போடுங்கள். 25 நிமிடம் ஆனால், 18 சதுரத்துக்கு ஏழரை மணி. தினம் 50 நிமிடம், பயப்படுகிற கணக்கில்லை. ஆளைக் கொல்வது இணைப்புதான். சதுரத்துக்கு இரண்டு நூல் நுனி என்றாலும் 80 நுனி செருக வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளினால் வளைகாப்பன்று காலையிலும் செருகிக்கொண்டிருப்பீர்கள்.

கோதாவரி டெல்டாவில் நரசாப்பூர் குரோஷா லேஸ் இருக்கிறதே, 2024இல் புவிசார் குறியீடு வாங்கியது, அந்தத் தொழிலில் பூப் போடுகிறவர் ஒருவர், சேர்க்கிறவர் வேறொருவர். நீங்களும் சதுரம் போடப் போட நாத்தனாரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதும் முடியாது என்று தோன்றினால் 30இல் நிறுத்திவிடுங்கள். ஐந்துக்கு ஆறு, பச்சைக் குழந்தைக்குத் தாராளம்.

உங்கள் பீரோவில் உள்ள மூன்று என்ன, டீச்சர்? (திருவிடைமருதூர்)

கேட்பீர்கள் என்று தெரியும். ஒன்று வாசல் தோரணம், மயிலுக்குக் கழுத்து வரை வந்து நீல நூல் தீர்ந்துவிட்டது. இன்னொன்று தலையணை உறை லேஸ், பாதியில் கணக்கு விட்டுப்போனது. பொங்கல் கழிந்ததும் பிரிக்க வேண்டும். மூன்றாவது ஒயர் கூடை. கைப்பிடி மட்டும்தான் பாக்கி. மற்ற இரண்டையும் அதில்தான் போட்டுவைத்திருக்கிறேன்.