இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு வீட்டிலேயே ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நீங்களும் என்னை மாதிரி தமிழ் மீடியம், பிள்ளை இங்கிலீஷ் மீடியம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வாத்தியார் இல்லை, திசையன்விளைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன்.

முதலில் நானும் புத்தகம் வாங்கி 'நவுன் என்றால் என்ன' என்று மனப்பாடம் பண்ண வைத்தவன்தான். என் மகள் கடகடவென்று ஒப்பித்தாள், அதே வாயால் "ஃபைவ் எக்" என்றாள். கையை ஓங்கிவிட்டேன், இன்னும் உறுத்துகிறது. அப்புறம்தான் உறைத்தது, கடைக்கு வருகிற யாராவது "அண்ணாச்சி, அஞ்சு முட்டைகள் தாங்க" என்று கேட்கிறார்களா? அஞ்சு என்று சொன்ன பிறகு நமக்குக் 'கள்' எதற்கு? பிள்ளை தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். "நமக்கு எண்ணிச் சொன்னாப் போதும்ட்டி, அவங்களுக்கு எண்ணினாலும் எஸ் வேணும்" என்று முட்டை அட்டையை முன்னால் வைத்தேன். ஆன் எக், டூ எக்ஸ், த்ரீ எக்ஸ். முப்பது முடிவதற்குள் பிடித்துக்கொண்டாள். 'எ'யா 'ஆன்'னா என்பதும் அப்படித்தான், எழுத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆன் அம்பரெல்லா, ஆனால் எ யூனிஃபார்ம்.

"ஐ ஈட்டட் இட்லி" என்றால் திட்டாதீர்கள். நடந்து முடிந்ததைச் சொல்ல ஈடி (ed) சேர்க்கிற விதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். "ஓ, யூ ஏட் இட்லி?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். ஆனால் 'டிட் நாட்' வந்தால் நடந்து முடிந்ததை 'டிட்'டே சொல்லிவிடும், அப்புறம் ஈடி கூடாது என்பதை மட்டும் நான் அழுத்திச் சொன்னேன்.

தமிழை வைத்துச் சொன்னால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: பக்கத்தில் இடையன்குடியில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கால்டுவெல் 1856-ல் மொழிகளை ஒப்பிட்டுத்தான் இலக்கணம் எழுதினார். அவர் இங்கிலீஷ் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். போன வாரம் டைரியில் மிஸ் எழுதியிருந்தார்: 'டிட் நாட் கம்ப்ளீட்டட் ஹோம்வொர்க்'. "யப்பா, டிட் வந்தாச்சே, ஈடி எதுக்கு?" என்று சிவப்புப் பேனாவைத் தேடினாள். பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.