ஆள் போகாத பாதை எங்கே இருக்கிறது? நடைக் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூர்க் காட்டு நடை பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதும் நாற்பது வந்துவிட்டது. அதில் பாதி ஒரே கேள்விதான். எடுத்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் தம்பி: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் தோளோடு தோள் உரசுகிறது. ஆள் குறைவான, ஆனால் ஆள் போகவேண்டிய பாதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, ஆள் போகாத பாதை வேறு, ஆள் போகக்கூடாத பாதை வேறு. நான் பேசுவது முதல் ரகத்தைப் பற்றி. தேசியப் பூங்காக் கழகம் செலவு செய்து போட்டு, பலகையும் நட்டு, அப்புறம் யாரும் எட்டிப் பார்க்காத பாதைகள் இந்தச் சின்ன ஊரிலும் இருக்கின்றன.

கழகத்தின் பூங்கா வரைபடத்தை ஒரு பக்கம் திறந்து வையுங்கள். நடப்பவர்களும் ஓடுபவர்களும் தங்கள் தடத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தை இன்னொரு பக்கம். கூட்டம் போகிற பாதை அதில் தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை மாதிரி மின்னும். கழக வரைபடத்தில் கோடு இருந்து, வெப்ப வரைபடத்தில் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. வெப்ப வரைபடத்தில் மட்டும் மின்னும் கோட்டைத் தொடாதீர்கள். அது கள்ளப் பாதையாக இருக்கும், இல்லையென்றால் தேசிய சேவைப் பையன்கள் ஓடுகிற இராணுவ முகாமாக இருக்கும்.

அப்புறம் ஒரு வார நாளில் காலை எட்டு மணிக்கு நேரில் போங்கள். முகத்தில் எத்தனை சிலந்தி வலை ஒட்டுகிறது என்று எண்ணுங்கள். நெஞ்சு உயரத்தில் வலை அறுபடாமல் இருந்தால் அன்றைக்கு நீங்கள்தான் முதல் ஆள். நீண்ட காலக் கணக்கு வேண்டுமென்றால் ஓரத்தைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் ரேசம் என்று சொல்லும் பெரணி வெயில் படும் இடத்தில் வேலி போலப் பின்னிக்கொள்ளும். இரண்டு பக்கத்துப் பெரணியும் நடுவில் கைகோத்துவிட்டால் பாதை மூடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தொடங்க நல்ல இடம், வார நாளில் தாம்சன் இயற்கைப் பூங்கா. 2019-இல் திறந்தது, 50 ஹெக்டேர். ஒரு காலத்தில் ஹைனான் சீனர்களின் கிராமம். வீடு போய்விட்டது, வாசற்படி மட்டும் மண்ணில் நிற்கிறது. அத்திமர வேர் சுவரைக் கவ்வியிருக்கிறது.

புக்கிட் பாத்தோக் வாசகர்: கிளமெண்டி காட்டுக்குள் எந்தப் பக்கம் நுழைவது?

சொல்ல மாட்டேன். 2020 இறுதியில் படங்கள் பரவிய பிறகு அங்கே கால்களுக்குக் குறைச்சலே இல்லை.

தோ பாயோ அக்கா: காடு காடாகவே இருக்கட்டுமே. சும்மா கிடக்கிற பாதைக்கு ஏன் ஆள் சேர்க்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அக்கா.

தொடாத மண்ணில் முதல் சில நடைகளிலேயே பெரும்பாலான சேதம் நடந்துவிடுகிறது. செடி நசுங்கும், மண் இறுகும். ஏற்கெனவே இறுகிப்போன பாதையில் இன்னும் நூறு பேர் நடந்தால் கூடுதல் சேதம் சொற்பம். அதனால் நடப்பவர்களைப் போட்ட பாதையிலேயே வைத்திருப்பதுதான் காட்டுக்கு நல்லது.

பாதை கைவிடப்பட்டால் என்ன ஆகிறது? ஒருமுறை குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. யாரும் தகவல் சொல்லவில்லை. வந்த சிலரில் ஒருவர் இடப்பக்கம் சுற்றினார், இன்னொருவர் வலப்பக்கம், மூன்றாமவர் சேற்றுக்குப் பயந்து இன்னும் உள்ளே. நான் ஆறு வாரம் கழித்துப் போனபோது மரத்தைச் சுற்றி மூன்று புதுத் தடங்கள். நிறையப் பேர் வருகிற பாதையாக இருந்தால் அன்றைக்கே யாராவது புகார் சொல்லும் ஒன்சர்வீஸ் செயலியில் படம் போட்டிருப்பார்கள்.

அதே அக்கா, மறுபடியும்: அது மண்ணுக்குச் சரி. குரங்குக்கும் எறும்புத்தின்னிக்கும் யார் கணக்குப் பார்ப்பது?

நியாயம். இங்கே நான் இறங்கி வருகிறேன். தாம்சன் பக்கம் திரியும் பட்டை இலைக்குரங்கு சிங்கப்பூரில் மொத்தம் நூறுகூட இல்லை. அது சாலையைத் தாண்டுவதற்கென்றே பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே நாற்பது பேர் ஒலிபெருக்கியோடு போனால் நானே சண்டைக்கு வருவேன். ஆள் சேர்க்கிறேன் என்றால் இரண்டு இரண்டு பேராக, பகலில், பேச்சைக் குறைத்துக்கொண்டு.

பொங்கோல் வாசகர்: அக்கா சொல்வதுதான் சரி. எல்லாப் பாதையையும் மூடிவிட வேண்டும்.

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை 2014-இலிருந்து 2016 வரை சீரமைப்புக்காக மூடினார்கள், நல்லதுதான். எப்போதுமே மூடி வைத்தால் காட்டை நேரில் பார்த்தவர்களே இல்லாமல் போய்விடும். அப்புறம் அதற்காக யார் வாய் திறப்பார்?

குவீன்ஸ்டவுன் பெரியவர்: ரயில் காரிடர் இந்தக் கணக்கில் வருமா?

வரும் ஐயா. பழைய மலாயா ரயில் ஓடிய தடம், 24 கிலோமீட்டர். 2011 ஜூலையில் மலேசியாவிடமிருந்து நிலம் நம் கைக்கு வந்தது. புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் படமெடுக்க வரிசை நிற்கிறது. ஹில்வியூவைத் தாண்டிக் கிராஞ்சி நோக்கிப் போனால் கூட்டம் கரையும், வெயில் கொளுத்தும், தண்ணீர் இரண்டு புட்டி வேண்டும். உங்கள் பக்கத்திலேயே காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில், ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் 1932-இல் தண்டவாளத்தோரம் தொடங்கியது. அங்கே கும்பிட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

ஈசூன் வாசகர்: யாருக்கும் தெரியாத ரகசியப் பாதை ஒன்று சொல்லுங்களேன்?

ரகசியப் பாதை என்று எதுவும் இல்லை. மேலே உட்லண்ட்ஸ் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செங்காங் வாசகர்: ரகசியமாக ஏதாவது…

மேலே.

ஜூரோங் வாசகர்: மேற்கே லிம் சூ காங் பக்கம் வெறிச்சென்று இருக்கிறதே, போகலாமா?

சிவப்புப் பலகை பார்த்திருப்பீர்கள். சிப்பாய் துப்பாக்கி நீட்டுகிற படம், நான்கு மொழியில் எழுத்து, அதில் தமிழும் உண்டு. படித்துவிட்டுத் திரும்புங்கள். இராணுவம் சுட்டுப் பழகுகிற இடங்கள் அங்கே உண்டு.

ஜோகூர் பாரு தம்பி: கூனோங் பூலாய் மலைக்குப் போகலாமா?

அது உங்கள் பக்கம் தம்பி. ஜோகூர் வனத்துறையிடம் கேளுங்கள்.

தெம்பனிஸ் தங்கை: மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கலாமா?

கூடாது, கூடாது, கூடாது. பத்து வருடமாக இதையே சொல்கிறேன். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியை நம்பவே கூடாது. காலையில் போய்ப் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். முதல் இடி கேட்டதும் திரும்பு, அவ்வளவுதான். குரங்குக்கு வாழைப்பழமும் வேண்டாம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

சுவா சூ காங் வாசகர்: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஜோகூர் குளுவாங்கில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். காடு பார்க்கவேண்டும் என்கிறார்.

லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துப் பலகை நடைபாதைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கிலோமீட்டர்கூட வராது. வார நாள் காலையில் போங்கள். மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், பலகை வழுக்கும். வழியில் பழைய ரப்பர் பால்மரங்கள் நிற்கின்றன. அவர் சட்டென்று நின்று ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தால் அவசரப்படுத்தாதீர்கள்.