ஏற்காட்டு அந்துப்பூச்சி: நாக்டுயிடேவா, எரிபிடேவா?

நாக்டுயிடே, எரிபிடே இரண்டும் அந்துப்பூச்சிக் குடும்பங்கள். உங்கள் பழைய நூல் நாக்டுயிடே என்கிறது, குறிப்பில் எதை எழுதுவது என்று கேட்டீர்கள். எரிபிடே என்றே எழுதுங்கள். ஏற்காட்டில் விளக்கடியில் நீங்கள் படமெடுத்தது, முன்னிறக்கையில் பெரிய கண்புள்ளி கொண்ட எரிபஸ் பேரினம்.

அந்த நூல் நாக்டுயிடே என்று சொல்வது பிழையல்ல. அன்று அதுவே வழக்கம். 2000க்குப் பிறகு வந்த மரபணு ஆய்வுகள், எரிபஸ் போன்றவை புலி அந்துகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. அதனால் 2011 வாக்கில் இரண்டையும் எரிபிடேயில் சேர்த்தார்கள். எனக்கு இது மிக அழகான திருத்தமாகத் தெரிகிறது.

சோதிக்க வேண்டுமானால், விளக்கடியில் செத்துக் கிடக்கும் ஒன்றை எடுங்கள். பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். செதில் நனைந்து நரம்புகள் தெளியும், உலர்வதற்குள் பார்த்துவிட வேண்டும். இறக்கையின் நடுவே நரம்புகள் சூழ்ந்த பகுதியான நடு அறையின் கீழ்முனையருகே தடித்த நான்கு நரம்புகள் பிரிந்தால் எரிபிடேயாக இருக்கலாம். நாக்டுயிடேயில் பெரும்பாலும் மூன்றுதான், இன்னொன்று மங்கியிருக்கும்.

ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பிளூசியினே துணைக்குடும்பத்துக்கும் நான்கு உண்டு, அது நாக்டுயிடேதான். சேலம் மாவட்ட மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் அந்தும் நாக்டுயிடேயிலேயே நீடிக்கிறது. அதைப் பற்றிய உங்கள் குறிப்பில் நாக்டுயிடே என்றிருப்பதை மாற்ற வேண்டாம்.